ஜீப் ஏன் மௌனமாயிற்று?

வாகனமொன்று இயங்க மறுத்தால் முதற்பழி பற்றரியின் மீது விழும். அடுத்த பழி ஸ்ரார்ட்டர் மோட்டருக்கு. இரண்டுக்கும் பணம் செலவழித்த பின்னரும் அது அசையாவிட்டால், வாங்கிய நேரம் சரியில்லை என்று சாத்திரம் பார்க்கச் சொல்வதற்கும் நம்மிடையே ஆட்கள் இருக்கின்றார்கள். கிளச் பெடலுக்கு மேலே, இருட்டுக்குள் ஒளிந்திருக்கும் பெருவிரல் அளவிலான சுவிச்சை இலகுவில் எவரும் சந்தேகிப்பதில்லை. அந்தச் சுவிச்சைப் பற்றியே இன்று எழுதுகின்றேன்.

என்னிடம் இருப்பது நான்கு சில்லுகளாலும் இழுக்கக்கூடிய பழைய ஜப்பானிய டீசல் ஜீப். கையால் கியர் மாற்றும் வகையைச் சேர்ந்தது. செய்தி சேகரிப்பதற்காக வன்னியின் கிரவல் பாதைகளிலும் குளக்கட்டுகளிலும் அலைகின்ற ஒருவனுக்கு அதைவிட உற்ற துணை கிடையாது. பொழுதுபட்ட வேளையில் காட்டோரம் கைவிட்டால், அதைவிடப் பெரிய துரோகியும் கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வவுனிக்குளத்தை அண்டிய கிராமமொன்றில் விவசாயிகளுடன் பேசிவிட்டு வந்து திறப்பைத் திருப்பினேன். சத்தமே இல்லை. உறுமலும் இல்லை, முனகலும் இல்லை. முகப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஹோர்ன் உரத்து ஒலித்தது. "ஐயா, யானை இறங்கிற நேரமாகுது, கெதியாய் வெளிக்கிடுங்கோ" என்றார் வழியனுப்ப வந்த முதியவர். நல்ல காலமாக அவ்விடத்தில் ஓர் இறக்கம் இருந்தது. நான்கு இளைஞர்கள் தள்ளினார்கள். இரண்டாம் கியரில் உருட்டிக் கிளச்சை விட்டதும் எஞ்சின் எழும்பிவிட்டது.

மறுநாள் ஒரு கராஜில் விட்டேன். புதிய பற்றரி போடப்பட்டது. ஐந்து நாட்கள் ஒழுங்காக ஓடியது. பின்னர் மீண்டும் மௌனம். இன்னொரு கராஜில் ஸ்ரார்ட்டரைக் கழற்றி, கார்பன் பிரஷ்களை மாற்றிப் பூட்டினார்கள். எட்டு நாட்கள் ஓடியது. மீண்டும் மௌனம்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் நாங்கள் அடிக்கடி சந்திக்கின்ற ஒரு பொறியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று நடந்ததன் பின்னர் மற்றொன்று நடந்தால், முன்னையதே காரணம் என்று மனம் முடிவு கட்டிவிடும். பற்றரியை மாற்றிய பின்னர் ஜீப் ஓடியது உண்மை. பற்றரியை மாற்றியதனால் ஓடியதா என்பது வேறு கேள்வி. விட்டுவிட்டு வரும் பழுதுக்கு எந்த வைத்தியம் செய்தாலும் சில நாட்களுக்கு அது பலித்தது போலவே தோன்றும்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரவல் வாங்கிய மல்டிமீற்றருடன் நானே உட்கார்ந்தேன். கலைப்பட்டதாரிக்கு மின்சுற்றோடு என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். கேள்விகளை ஒழுங்குமுறையாகக் கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

முதற்கேள்வி காதுக்கு உரியது. பற்றரி சோர்ந்திருந்தால் திறப்பைத் திருப்பும்போது விளக்குகள் மங்கும்; கடகடவென்று தொடர்ச்சியான சத்தம் கேட்கும். ஸ்ரார்ட்டரில் பழுதென்றால் பெரும்பாலும் 'டொக்' என்ற ஒற்றை ஓசையோடு நின்றுவிடும். எதுவுமே கேட்கவில்லையென்றால் கட்டளை ஸ்ரார்ட்டர்வரை போய்ச் சேரவில்லை என்றே முதலில் ஐயுற வேண்டும். இறக்கத்தில் உருட்டியபோது எஞ்சின் எழும்பியது இரண்டாவது தடயம். டீசலும் காற்றும் எஞ்சினும் குற்றமற்றவை. சிக்கல் எஞ்சினைச் சுழற்றும் ஏற்பாட்டில் மாத்திரமே இருக்கிறது.

அந்த ஏற்பாடு எளிமையானது. திறப்பைத் திருப்பும்போது சிறியதொரு மின்னோட்டம் பியூஸ் வழியாகச் சென்று றிலேயை இயக்குகின்றது. றிலே ஸ்ரார்ட்டரின் சொலினொயிட்டை இயக்குகின்றது. அதன் பின்னரே நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் பற்றரியிலிருந்து மோட்டருக்குப் பாய்கின்றது. அந்தச் சிறிய மின்னோட்டத்தின் பாதையிலே காவற்காரனைப்போல நிற்பதுதான் கிளச் சுவிச். பெடல் அடிவரை மிதிபட்டால்தான் அது வழிவிடும்.

பற்றரியில் 12.6 வோல்ற் இருந்தது. பியூஸ் நன்றாக இருந்தது. ஹோர்னுக்குரிய றிலேயும் ஸ்ரார்ட்டருக்குரிய றிலேயும் இந்த ஜீப்பில் ஒரே வகையானவை. இடம் மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. எஞ்சியிருந்தது சுவிச். இதில் ஓர் எச்சரிக்கை: பல வாகனங்களில் கிளச் பெடலருகே இரண்டு சுவிச்சுகள் உண்டு. கால் படாதபோது பெடல் வந்து நிற்கும் இடத்தில் இருப்பது வேகத்தைத் தானாகப் பேணும் குரூஸ் கொன்ரோலுக்கானது. பெடலை முழுதாக மிதிக்கும்போது அழுத்தப்படுவதே ஸ்ரார்ட்டருக்கானது. ஒன்றை மற்றொன்றாகக் கருதிச் சோதித்தால் ஒரு நாள் வீணாகும்.

ரோர்ச்சுடன் தலைகீழாகப் படுத்து, சுவிச்சின் இணைப்பைக் கழற்றி மீற்றரைப் பிடித்தேன். வீட்டார் ஒருவர் பெடலை அடிவரை மிதித்தார். தொடர்பு இல்லை. சுவிச் செத்துவிட்டது என்று அத்துடன் தீர்ப்பெழுதியிருக்கலாம். ஆனால் சாட்சியை நேரிலும் ஒருமுறை விசாரிக்க வேண்டுமல்லவா? சுவிச்சின் முளையை விரலால் அழுத்தினேன். மீற்றர் உடனே ஒலித்தது. விட்டேன், நின்றது. பத்து முறை அழுத்தினேன். பத்து முறையும் ஒரே பதில்.

சுவிச் பொய் சொல்லவில்லை. பெடல் அதனைத் தொடவேயில்லை.

காரணம் கீழே, தரைவிரிப்பில் கிடந்தது. பிஸ்கற் தூளைப்போல, பழுப்பேறிய பிளாஸ்டிக் துகள்கள். பெடலின் தண்டிலே ஒரு துளை இருக்கின்றது. அந்தத் துளையில் பொருத்தப்பட்ட சிறிய பிளாஸ்டிக் குமிழே சுவிச்சின் முளையை அழுத்த வேண்டியது. வெயிலிலும் வெக்கையிலும் பல்லாண்டு காய்ந்து அது நொறுங்கியிருந்தது. விளிம்பில் ஒரு துண்டு எஞ்சியிருந்தவரை சில வேளைகளில் முளையை அழுத்தியது, சில வேளைகளில் தவறவிட்டது. முடிவிலே முளை வெறும் துளைக்குள் நுழைந்து வெளியேறிக்கொண்டிருந்தது. புதிய சுவிச் போட்டிருந்தாலும் இதே கதைதான். பல ஜப்பானிய வாகனங்களுக்குப் பொதுவான முதுமை நோய் இது.

அன்று மாலை அயலில் உள்ள மெக்கானிக் தம்பி ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். கெட்டிக்காரர்; நல்ல மனம் படைத்தவர்.

"அண்ணை, இதுக்குப் போய் ஏன் மினக்கெடுறியள்? ரண்டு வயரையும் ஒண்டாய் முறுக்கி விட்டால் சோலி முடிஞ்சுது."

"சோலி அங்கைதான் தம்பி துவங்கும்" என்றேன்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது புரியும். பெற்றோல் இல்லாத அந்நாட்களில் ஒஸ்ரின் ஏ-40களையும் மொரிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எழுப்பினோம். அந்தக் கார்களில் கிளச் சுவிச் ஏது? வேண்டாததைக் கழற்றி எறிந்து, உள்ளதை வைத்து ஓட்டுவது எங்கள் மெக்கானிக்குகளின் இரத்தத்தில் ஊறிய கலை. அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

காடும் மலையும் ஏறுகின்ற வாகனங்களுக்கு வேறொரு நியாயமும் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், கிளச்சை மிதித்த கணமே வாகனம் பின்னோக்கி உருளத் தொடங்கும். கிளச்சை மிதிக்காமல், தாழ்ந்த கியரிலேயே ஸ்ரார்ட்டரால் ஊர்ந்து எழும்புவது அங்கே பாதுகாப்பானது. டொயோட்டா தனது டக்கோமா போன்ற நான்கு சில்லு இழுவை வாகனங்களில் இச்சுவிச்சைத் தற்காலிகமாக விலக்கும் பொத்தான் ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருந்தது இதற்காகவே. ஆனால் அது சாரதி தெரிந்து, வேண்டியபோது மட்டும் அழுத்தும் பொத்தான். வயரை முறுக்கி விடுவதோ, எவருக்கும் தெரியாமல் காவலை நிரந்தரமாக எடுத்துவிடுவது.

எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆறு வயதான மருமகன் முதலில் ஓடிப்போய் ஏறுவது அந்தச் சாரதி இருக்கையில்தான். கைபிரேக்கை முழுவதும் நம்பாமல் முதலாம் கியரில் நிறுத்திவைப்பது என் பழக்கம். திறப்பு ஒருநாள் அதிலேயே இருந்துவிட்டால்? கியரில் நிற்கும் டீசல் ஜீப்பை ஸ்ரார்ட்டர் மோட்டர் தனியாகவே முன்னே பாயச் செய்யும். எஞ்சின் எழும்பிவிட்டால் அது நிற்கவும் மாட்டாது. முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுகின்றார்கள். பெடலை எட்ட முடியாத காலுக்கு எஞ்சினை எழுப்ப அனுமதியில்லை என்பதுதான் அந்தச் சுவிச்சின் பொருள். ஜப்பான் 1999இல் இதனைக் கட்டாயமாக்கியது வீணுக்கல்ல.

தம்பி சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு தானே சட்டைப்பைக்குள் கைவிட்டு, உருண்டைத் தலை கொண்ட சிறிய போல்ற் ஒன்றை எடுத்தார். துளையில் அதைச் செருகி, இறப்பர் வாசர் வைத்து, பின்புறம் நட்டால் இறுக்கினோம். இரண்டு வாரங்களின் பின்னர் உரிய பிளாஸ்டிக் குமிழ் கிடைத்தது. ஒரு நேரச் சாப்பாட்டை விடவும் மலிவு.

பூட்டிய பின்னர் சுவிச்சை அளந்து நிறுத்துவதும் முக்கியம். அதன் உடலில் இருக்கும் இரண்டு நட்டுகளால் முன்பின் நகர்த்தலாம். கிளச் முழுதாக விடுபட்ட பின்னரே அது இணைய வேண்டும். பாதி மிதிப்பிலேயே இணைந்தால் காவல் இருந்தும் பயனில்லை. பெடலின் கீழ் தடித்த விரிப்பு சுருண்டு கிடந்து அடிவரை மிதிக்க விடாமல் தடுக்கின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். சுவிச்சின் முளையை அழுத்தியும் மீற்றர் தடுமாறினால் உள்ளே தொடுமுனைகள் கரிந்துவிட்டன என்று பொருள். அப்போது சுவிச்சையே மாற்றத்தான் வேண்டும்.

சோதனைக்காக வெட்டவெளியில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்து, கைபிரேக்கை இழுத்து, கியரை நடுநிலையில் வைத்தோம். "அடியுங்கோ அண்ணை" என்றார் தம்பி. பெடலைத் தொடாமலே திறப்பைத் திருப்பினேன். சத்தமே இல்லை. அவர் முகம் வாடிற்று. "இதுதான் தம்பி முதற் பரீட்சை, மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்குது" என்று சொல்லிவிட்டு, பெடலை அடிவரை மிதித்து மீண்டும் திருப்பினேன்.