காலி வண்டிதான் அதிகம் குதிக்கும்

ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றால் போதும். ஒரு லோடு வண்டி பாரத்தோடு போகிறதா, காலியாகத் திரும்புகிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். பாரம் ஏற்றிய வண்டி வேகத்தடையில் அமுங்கி, மெல்ல எழுந்து போய்விடும். காலி வண்டி பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டு, இறங்கி, மறுபடியும் தூக்கிப் போட்டுத் தடதடவென்று போகும். உள்ளே நீலநிற பிளாஸ்டிக் கிரேட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். பாரம்தான் வண்டியையும் ஆளையும் படுத்துகிறது என்று வெளியாட்கள் நினைக்கிறோம். ஓட்டுகிறவர்களைக் கேட்டால், முதுகை வாங்குவது காலியாகத் திரும்பும் நடைதான் என்பார்கள்.

ஒரு டன்னுக்கு மேல் தாங்குவதற்காகச் செய்த ஸ்பிரிங் பட்டை, பாரம் இல்லாதபோது விறைத்து நிற்கும். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வளைந்து கொடுக்காது, வண்டியை அப்படியே மேலே எறியும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதில் அந்த ஆட்டம் கொஞ்சம் அடங்கும். மிச்சத்தை அடக்க இருப்பது ஷாக் அப்சார்பர் ஒன்றுதான். அது செத்துப்போனாலும் வண்டி ஓடும். அதனாலேயே அதை யாரும் சீக்கிரத்தில் மாற்றுவதில்லை.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கியது. பிறகு 2010-ல் ரெனோ–நிஸான், 2012-ல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடம் பக்கம் ஒவ்வொன்றாக வந்தன. இவற்றைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறது. இவற்றுக்கு ரப்பர் குழாயும் வயர்க்கட்டும் சீட் நுரையும் சுமந்துபோகும் சின்ன வண்டிகளை யார், எங்கே, எதை வைத்துக்கொண்டு பழுது பார்க்கிறார்கள் என்று பார்க்கத்தான் நான் மாத்தூர் பக்கம் போனேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஞ்சாயத்து போட்ட சிமென்ட் சாலையில், வீட்டு வாசலை ஒட்டி ஒரு பழைய தோஸ்த் நின்றது. அசோக் லேலண்டும் நிஸானும் கூட்டுச் சேர்ந்து 2011-ல் கொண்டுவந்த வண்டி அது, ஓசூரில் தயாரானது. ஒன்றேகால் டன் பாரத்துக்கானது. இரண்டு டன் வரை ஏற்றிய நாளும் உண்டு என்று அதன் சொந்தக்காரரே சொன்னார். அவரேதான் ஓட்டுநர். பழுது பார்க்க வந்திருந்தவர் அவர் மனைவியின் தம்பி. பக்கத்தில் ஒரு உதிரிபாக ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி, அன்றைக்கு அவருக்கு வார விடுமுறை.

வந்ததும் அவர் வண்டியின் பின்மூலையில் ஏறி, முழு எடையையும் போட்டு அழுத்திவிட்டுச் சட்டென்று இறங்கினார். நல்ல வண்டி ஒருமுறை எழுந்து நின்றுவிட வேண்டும். இது எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது.

“இன்னா மாமா, இந்த ஆட்டம் ஆடுது? இத வெச்சிக்கினு எப்டி ஓட்டுன?”

“ஓடுச்சே மச்சான்.”

ஓட்டுநர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். இந்தத் தடம் முழுக்க ஓடும் ஆயிரக்கணக்கான வண்டிகளின் நிலை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பிரேக் பிடிக்காவிட்டால் அன்றைக்கே பட்டறைக்குப் போக வேண்டும். கிளட்ச் தேய்ந்தால் வண்டி ஏறாது. ஷாக் அப்சார்பர் போனால் வாடகை நிற்பதில்லை. எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டியை ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் விளக்கு, பிரேக், பெயின்ட், ஒளிரும் பட்டை எல்லாம் சரியாகும். ஷாக் அப்சார்பரை ஒரு துணியால் துடைத்து விடுவதோடு சரி.

மைத்துனர் என்னைக் கூப்பிட்டு டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். உள்ளங்கையை வைத்து ஓட்டினால் ரப்பர் ஒரே சீராகத் தேயாமல் மேடும் பள்ளமுமாக இருந்தது. சக்கரம் சாலையைத் தொட்டுத் தொட்டு எழும்பும்போது, விழுகிற இடமெல்லாம் இப்படிக் கரையும். எழும்பி நிற்கும் அந்த நொடியில் பிரேக்குக்கும் பிடிமானம் கிடையாது. மழைநாளில் காலி வண்டியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சோதனையும் சொன்னார், எனக்கு அது மிகவும் பிடித்தது. மேடுபள்ளமான சாலையில் கொஞ்சதூரம் ஓட்டிவந்து நிறுத்திவிட்டு, உடனே நாலு ஷாக் அப்சார்பரையும் தொட்டுப் பார்க்க வேண்டும். எது சூடாக இல்லையோ அது வேலை செய்யவில்லை. துள்ளலை வெப்பமாக மாற்றுவதுதான் அந்தக் கருவியின் ஒரே தொழில். உருளைக்குள் எண்ணெய் நிறைந்திருக்கும். அதற்குள் போய்வரும் பிஸ்டனில் சின்னச் சின்னத் துளைகளும் வால்வுகளும் உண்டு. எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கியடித்துப் போக வேண்டியிருப்பதால் பிஸ்டன் நினைத்த வேகத்தில் நகர முடியாது. அந்தப் போராட்டத்தில் எண்ணெய் சூடாகும், வெளி உலோகம் அந்தச் சூட்டைக் காற்றில் விடும். சீல் கிழிந்து எண்ணெய் வடிந்துவிட்டால் போராட ஒன்றுமில்லை, சூடும் இல்லை.

பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றுவது என்று முடிவாகியிருந்தது. ஒன்றுதான் ஒழுகியது என்றாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசும் இருந்தால் வண்டி வளைவில் ஒரு பக்கம் அடங்கி மறுபக்கம் ஆடும்.

பட்டை வைத்த வண்டிக்கு இந்த வேலையை வீட்டு வாசலில் செய்ய முடிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாரம் முழுவதையும் பட்டை தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் பக்கத்தில் தனியாக நிற்கிறது, கழற்றினால் எதுவும் இடிந்து விழாது. காரின் முன்பக்கம் அப்படியில்லை. அங்கே சுருள் ஸ்பிரிங் அழுத்தப்பட்டு ஷாக் அப்சார்பரைச் சுற்றியே உட்கார்ந்திருக்கும். அதற்கான கருவி இல்லாமல் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து உயிருக்கே ஆபத்து. தோஸ்த் வைத்திருக்கிற தைரியத்தில் யாரும் காரில் கை வைக்கக் கூடாது.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டார்கள். ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கி, பின் ஆக்சில் ஹவுசிங்குக்குக் கீழே இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் வைத்தார்கள். “ஜாக்கிய நம்பி உள்ள போவக்கூடாது சார்” என்றார் மைத்துனர். அவர் வேலைபார்க்கும் ஆலையில் அதைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். ஸ்டாண்டு பக்கத்துத் தெரு ஸ்பிரிங் பட்டறை மேஸ்திரியுடையது. இரவல் கொடுத்ததோடு நில்லாமல் அவரும் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, நட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். மேல் நட்டு இரண்டும் இறங்கிவிட்டன. இடதுபக்கக் கீழ் நட்டு அசையவில்லை. ஸ்பேனர் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் சொருகி நீளமாக்கி அழுத்தினார் ஓட்டுநர். நட்டின் முனைகள் மழுங்க ஆரம்பித்தன. கேஸ் வைத்துச் சூடாக்கிவிடலாமா என்று கேட்டார். மேஸ்திரி எழுந்தேவிட்டார்.

“கேஸு வெக்காத. உள்ள ஆயிலு இக்கிது, சிலதுல காத்தும் அடைச்சிருப்பான். வெடிச்சா மூஞ்சிலதான் வரும். உளி எடு.”

அவர் சொன்னது சரி. நுரை கட்டாமல் இருக்க நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்த ஷாக் அப்சார்பர்கள் பல இருக்கின்றன. எண்ணெயோடு காற்று கலந்து நுரைத்தால் துளைகளில் எதிர்ப்பு போய்விடும் என்பதால் அந்த ஏற்பாடு. அதை நெருப்பில் காட்டினால் குண்டுதான். மேஸ்திரியே உளியை வாங்கி, நட்டின் ஒரு பக்கத்தில் சாய்த்து வைத்து, அளந்து அளந்து அடித்தார். நட்டு பிளந்து திறந்தது, போல்ட்டின் மரை கெடவில்லை. அந்த அடிகளில் ஒன்றுகூட வீணாகவில்லை. இந்த வட்டாரத்தில் பட்டை கட்டுகிறவர்கள் காலமெல்லாம் கற்றது அந்தக் கையில் இருக்கிறது. ஆலைகள் கொடுக்கும் சான்றிதழ் எதிலும் இது வராது.

கழற்றிய ஷாக் அப்சார்பரை என் கையில் கொடுத்தார்கள். தண்டைப் பிடித்து அழுத்தினேன், தடையே இல்லாமல் உள்ளே போனது. இழுத்தேன், அப்படியே வெளியே வந்தது. உருளை முழுக்க எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்பாக அப்பியிருந்தது. தண்டின் குரோம் பூச்சில் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு கீறல். தண்டு போய்வரும்போதெல்லாம் அந்தக் கீறல்தான் சீலை அறுத்திருக்கிறது. புதுசை மாட்டும்போது தண்டைக் குறடால் பிடிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

புதுசை அழுத்துவதைவிட இழுப்பது கடினமாக இருந்தது. அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். சக்கரம் மேட்டில் ஏறும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், பட்டை நிமிர்ந்து வண்டியைத் தூக்கி எறியப் பார்க்கும்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும். மைத்துனர் அதை நிமிர்த்திப் பிடித்துப் பலமுறை முழுதாக இழுத்து அழுத்தினார். கடையில் படுக்கை வாட்டில் கிடந்ததால் உள்ளே இடம் மாறியிருக்கும் காற்று மேலே ஏறிவிட வேண்டுமாம். அப்படியே மாட்டினால் முதல் சில நாள் தொளதொளவென்று இருக்கும், புதுசே சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். ரப்பர் புஷ் உள்ளே ஏற, கிரீஸ் தடவாமல் சோப்புத் தண்ணீர் தடவினார். எண்ணெய்ப் பசை ரப்பரை ஊறவைத்துத் தின்றுவிடும்.

கடைசியாக முறுக்கும்போதுதான் அவருடைய ஆலைப் பழக்கம் தெரிந்தது. ஸ்டாண்டு ஹவுசிங்குக்குக் கீழே இருக்கிறதா என்று மறுபடி குனிந்து பார்த்தார். வண்டியின் எடை பட்டை மேல் இருக்கும்போதுதான் புஷ் போல்ட்டை இறுக்க வேண்டும். சேசிஸைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அப்படியே நிற்கும், சீக்கிரம் கிழியும். எல்லாம் இறுகியதும் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்து, நட்டின் மேலிருந்து பிராக்கெட் வரை ஒரு கோடு இழுத்தார். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். லைனில் ஒரு ஷிஃப்டுக்கு நூற்றுக்கணக்கான கோடு போடுகிறவர், மாமாவின் வண்டிக்கும் அதே அக்கறையோடு போட்டார்.

பழசை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. உருளையை வெட்டி, எண்ணெயும் சீலும் மாற்றி, மறுபடி வெல்டிங் வைத்துக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. புதுசின் விலையில் சிறு பங்கில் முடிந்துவிடும். நாலு நடை ஓடினாலும் லாபம்தானே என்றார் ஓட்டுநர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கீறல் விழுந்த தண்டு அப்படியேதான் உள்ளே போகிறது, வெல்டிங் சூட்டில் உருளை கோணுகிறது. வால்வைத் தொடுவதே இல்லை. காசு கொடுத்து அதே நோயைத் திரும்ப வாங்குகிற வேலை அது. மேஸ்திரியும் தலையசைத்தார். பழசு இரண்டும் இரும்புக் கடைக்குப் போவது என்று ஆனது.

ஓட்டுநருக்கு இடுப்பில் பெல்ட் இருந்தது, சட்டைக்குள். பிறகுதான் கவனித்தேன். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பை மேல்கீழாக உலுக்கினால், நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான அதிர்வுதான் முதுகெலும்பை அதிகம் பாதிக்கிறது. காலி வண்டியின் துள்ளல் சீட் வழியே அந்த எல்லைக்குள் வந்து சேரக்கூடும். சாலையும் சேர்ந்துகொள்கிறது. இந்தியச் சாலைக் குழுமத்தின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்படி வளைந்திருக்க வேண்டும். ஆலை வாசல்களிலும் ஊர்த் தெருக்களிலும் இருப்பவை செங்குத்தாக எழுந்த சுவர்கள். இதே ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, புது வண்டிகளை ஓட்டிச் சோதிக்கத் தனித் தடங்களோடு. வெளியே பத்து வருட வண்டிகள் ஓட்டுநரின் முதுகை வைத்துச் சோதிக்கப்படுகின்றன. அந்தச் சோதனைக்கு அறிக்கை எழுத யாரும் இல்லை.

முன்பக்க ஜோடியும் போய்விட்டது, அதையும் சேர்த்தே மாற்றியிருக்க வேண்டும். பணம் இல்லை. தனக்கு வர வேண்டிய வண்டி வாடகை பாக்கி மூன்று மாதமாக நிற்கிறது என்றார் ஓட்டுநர். சிறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அவர் பதிந்திருக்கவில்லை. கேட்டால் அடுத்த நடையை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. பதிவு செய்யும் வழியை நானும் மைத்துனரும் அவருக்குச் சொன்னோம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் கேட்டு இணையத்திலேயே முடிகிற வேலை, கட்டணம் கிடையாது. “அத மொதல்ல பண்ணு மாமா, முன்னாடி ஷாக்கப்சர நான் அடுத்த லீவுல வந்து போடறேன்” என்றார் மைத்துனர். மாட்டியதை ஒரு வாரம் ஓட்டிவிட்டு மஞ்சள் கோட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கை கழுவப் போனார்.