பாக்கி விழுந்த முதல் வாரம்

நியூயார்க்கில் தெருவிலும் தற்காலிகத் தங்குமிடங்களிலும் ஆண்டுக்கணக்கில் கழித்தவர்களுக்காக நடத்தப்படும் சப்போர்ட்டிவ் ஹவுசிங் கட்டடங்களில் இரண்டு அலுவலகங்கள் இருக்கும். ஒன்று கட்டட நிர்வாகம். ஒப்பந்தம் போடுவது, வாடகை வாங்குவது, ஒழுகும் குழாயைச் சரிசெய்வது, மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிப்பது, வேறு வழியில்லை என்றால் வழக்குப் போடுவது ஆகியவை அதன் வேலை. இன்னொன்று ஆதரவுப் பணி. மனநோய், போதைப் பழக்கம், முதுமை, நாட்பட்ட நோய் இவற்றோடு வாழும் குடித்தனக்காரர்களுக்கு மருத்துவரையும் மருந்தையும் உதவித்தொகையையும் சேர்த்துவைக்கும் கேஸ் மேனேஜர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று பேசவைப்பது என் தொழில். இதற்குள் இருந்துகொண்டு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: இவை இரண்டும் அதிகாரத்தில் பிரிந்தே இருக்க வேண்டும், ஆனால் செய்தியில் ஒருநாளும் பிரிந்திருக்கக் கூடாது. நலிந்த ஒருவர் தன் வீட்டில் தொடர்ந்து இருப்பாரா என்பதை நீதிபதியின் தீர்ப்புக்கு வெகுமுன்பே, ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்த விஷயம் மற்ற அலுவலகத்துக்கு எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்பது தீர்மானித்துவிடுகிறது.

வாடகை பாக்கியையே எடுத்துக்கொள்வோம். நிர்வாகத்தின் கணக்கில் அது ஓர் எண். ஆனால் இந்தக் கட்டடங்களில் பாக்கி தானாக விழுவதில்லை. அதற்கு முன்னால் அந்த மனிதருக்கு ஏதோ ஒன்று நடந்திருக்கும். குடித்தனக்காரர் பொதுவாகத் தன் வருமானத்தில் 30 விழுக்காட்டை வாடகையாகக் கொடுப்பார். மிச்சத்தை அரசு மானியம் ஈடுகட்டும். பலருக்கு வருமானம் என்பதே எஸ்.எஸ்.ஐ. எனப்படும் கூட்டரசு உதவித்தொகை மட்டும்தான். 2025இல் தனி ஒருவருக்கு அதன் அடிப்படைத் தொகை மாதம் 967 டாலர். அதில் ஏறத்தாழ 290 டாலர் வாடகைக்குப் போய்விடும். இப்படி வாழும் ஒருவர் மனநிலை குலைந்து மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு செலவை ஏற்கும் மருத்துவமனையில் ஒரு முழு மாதம், அதாவது முதல் தேதியிலிருந்து கடைசித் தேதிவரை, அவர் இருந்துவிட்டால் அந்த மாதத்துக்கான கூட்டரசுத் தொகை 30 டாலராகச் சுருங்கிவிடும். இதற்கு விதியிலேயே ஒரு மாற்று வழி உண்டு. 90 நாளுக்குள் இவர் வீடு திரும்பக்கூடும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்து, வீட்டைக் கைவிடாமல் வைத்திருக்க அந்தப் பணம் தேவை என்ற விளக்கமும் சேர்ந்தால், மூன்று மாதம்வரை முழுத் தொகையும் வரும். ஆனால் அந்தக் காகிதங்கள் அவர் வீடு திரும்பும் நாளுக்குள்ளோ 90ஆம் நாளுக்குள்ளோ, எது முந்துகிறதோ அதற்குள் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் மருத்துவமனையில் இருப்பது கேஸ் மேனேஜருக்குத் தெரியும். வாடகை வராதது நிர்வாகத்துக்குத் தெரியும். இந்த இரண்டு செய்தியும் ஒரே மேசையில் சந்திக்காவிட்டால், ஒருவர் படுக்கையில் கிடக்கும்போதே மறுபுறம் அவர் பெயருக்கு 14 நாள் வாடகைக் கேட்பு அறிவிப்பு புறப்பட்டுவிடும். நியூயார்க் மாநிலத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குக்கு முந்தைய படி அதுதான். யாரும் தீங்கு நினைக்கவில்லை, அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு வீடு போகிறது.

ஆண்டுதோறும் வரும் வருமானச் சரிபார்ப்பும் இப்படித்தான். மானியம் தொடர வேண்டுமென்றால் குடித்தனக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை படிவம் நிரப்பி, சான்றுகளை இணைத்துக் கொடுத்தாக வேண்டும். மனச்சோர்வில் இருப்பவர் தபாலைப் பிரிப்பதில்லை. பிரிக்காத உறைகள் கதவோரம் சேர்ந்துகொண்டே போகும். காலக்கெடு தாண்டினால் மானியம் நின்று, முழு வாடகையும் அவர் தலையில் விழும். தன் பங்கை ஒரு மாதமும் தவறாமல் கட்டிவந்தவர்கூட திடீரென்று ஆயிரக்கணக்கான டாலர் கடனாளி ஆகிறார். யாருடைய சரிபார்ப்பு எந்த மாதம் வருகிறது என்ற பட்டியல் நிர்வாகத்திடம் ஓராண்டுக்கு முன்பே இருக்கிறது. அதை ஆதரவுப் பணியாளரிடம் கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை. கொடுக்கும் பழக்கம் இல்லாததுதான் தடை.

கணக்குப் புத்தகத்துக்கு வெளியிலும் நிர்வாகத்துக்குத் தெரிவது ஏராளம். 'சூப்பர்' என்று எல்லோரும் அழைக்கும் கட்டடப் பராமரிப்பாளர் பழுதுபார்க்க வீட்டுக்குள் போகிறார். அடுப்படியில் கருகிய பாத்திரங்கள், எடுக்கப்படாத குப்பை, கதவைத் திறக்கவே அஞ்சும் முகம் என்று கேஸ் மேனேஜர் மாதம் ஒருமுறை பார்ப்பதை அவர் வாரத்தில் பலமுறை பார்க்கிறார். மூட்டைப்பூச்சி மருந்தடிக்க வீட்டைத் தயார்செய்யும்படி மூன்று முறை சொல்லியும் ஒருவர் செய்யவில்லை என்றால், நிர்வாகம் அதை ஒத்துழையாமை என்று எழுதிவைக்கும். அந்த ஆளுக்கு மூட்டு வலியோ, பொருள்களை விட்டுப் பிரிய முடியாத நோயோ இருக்கலாம். பொருள் குவிப்பு என்பது மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம். கையேட்டின் 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் தனி நோயாகவே இடம்பெற்றுவிட்டது. அறை எந்த அளவுக்கு நிரம்பியிருக்கிறது என்பதை மதிப்பிட ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட புகைப்பட வரிசை ஒன்று உண்டு. அந்த வரிசையை இரண்டு அலுவலகங்களும் பயன்படுத்தத் தொடங்கினால் பேச்சே மாறிவிடும். 'வீடு நாறுகிறது', 'அவ்வளவு மோசமில்லை' என்ற சண்டை ஓய்ந்து, 'ஏழில் இருக்கிறது, தீயணைப்பு விதிப்படி வாசலும் சன்னலும் திறக்க வழி வேண்டும், ஆறு வாரத்தில் நான்குக்குக் கொண்டுவருவோம்' என்ற பேச்சு வரும். மாற்றுத்திறனாளிக்கு நியாயமான சலுகை தர வீட்டு உரிமையாளர் கடமைப்பட்டவர் என்று 1988இல் திருத்தப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. கூடுதல் அவகாசமும் அத்தகைய சலுகைதான். ஆனால் சலுகையை யாராவது கேட்டாக வேண்டும், அதையும் காலத்தில் கேட்டாக வேண்டும்.

இவ்வளவு பின்னிக் கிடப்பதை ஏன் இரண்டாக வைத்திருக்க வேண்டும், ஒரே ஆளே இரண்டையும் பார்த்தால் செலவும் குறையுமே என்று கேட்பவர்கள் உண்டு. செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் வழக்குப் போடும் அதிகாரம் உள்ளவரிடம் யாரும் தன் நோயைச் சொல்லமாட்டார்கள். மீண்டும் குடிக்கத் தொடங்கிவிட்டேன், வாடகைப் பணத்தை மகன் பிடுங்கிக்கொண்டான் என்றெல்லாம் சொல்ல ஒருவருக்கு, அந்தச் சொல் தனக்கு எதிராகத் திரும்பாது என்ற உறுதி வேண்டும். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு: இரண்டு பொறுப்பும் ஏற்றவர் இரக்கத்தால் பாக்கியை மாதக்கணக்கில் கண்டும் காணாமல் விட்டு, திருப்பிக் கட்டவே முடியாத தொகை சேர்ந்த பிறகு கைவிரிப்பார். நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயர் ஓட்டலை ரோசன் ஹேகர்ட்டி தொடங்கிய காமன் கிரவுண்டு அமைப்பு 1991இல் எடுத்து, 652 குடியிருப்புகளாகப் புதுப்பித்தபோது, கட்டடத்தைத் தான் நிர்வகித்துக்கொண்டு ஆதரவுப் பணியை வேறோர் அமைப்பிடம் ஒப்படைத்தது. வீடற்றிருந்தவர்களும் குறைந்த சம்பள உழைப்பாளிகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த அந்தக் கட்டடத்தில், ஒருவரிடம் வாடகைச் சீட்டும் இன்னொருவரிடம் நம்பிக்கையும் என்ற அந்தப் பிரிவினை பின்னால் வந்த பலருக்கு முன்மாதிரி ஆனது.

பிரித்து வைத்தபின் செய்தி எப்படிப் போக வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான சச்சரவு. அந்தரங்கத்தைக் காரணம் காட்டி எதையுமே பேசாமல் இருக்கும் ஆதரவுப் பணியாளர்களை நான் குறைசொல்லமாட்டேன். மருத்துவத் தகவலின் அந்தரங்கத்தைக் காக்கும் 1996இன் ஹிப்பா சட்டமும் தொழில் அறமும் அவர்களுக்கு அந்தத் தயக்கத்தைக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. ஆனால் அந்தச் சட்டம் நோய்க் குறிப்பைப் பற்றியது. வாடகை வரவில்லை, நடுராத்திரியில் சத்தம் கேட்கிறது, பத்து நாளாக ஆளைக் காணவில்லை என்பவை நோய்க் குறிப்புகளே அல்ல, நிர்வாகத்தின் சொந்தத் தகவல்கள். ஆகவே நிர்வாகத்திலிருந்து ஆதரவுப் பக்கத்துக்கு நடத்தை பற்றிய செய்தி தாராளமாக ஓடலாம் என்று குடியேறும் நாளிலேயே குடித்தனக்காரரிடம் சொல்லி, அவர் கையெழுத்தும் வாங்கிவிடலாம். மறுதிசையில் ஓட வேண்டியது மிகக் கொஞ்சம்: 'இவருக்கு ஸ்கிட்சோஃப்ரினியா' என்று சொல்ல வேண்டியதில்லை, 'இவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம், பதினைந்தாம் தேதிக்குள் இவ்வளவு கட்டுவார், அதுவரை பொறுங்கள்' என்றால் போதும். நிர்வாகத்துக்கு வேண்டியது நோயின் பெயரல்ல, ஒரு தேதி. தேதி சொல்லி அதைக் காப்பாற்றும் கேஸ் மேனேஜருக்கு அடுத்தமுறை இன்னும் இரண்டு வாரம் கிடைக்கும். சொன்ன தேதி தவறினால் அடுத்த குடித்தனக்காரருக்கும் சேர்த்து நம்பிக்கை கரையும். இந்தத் தொழிலில் கடன் வாங்கவும் திருப்பவும் முடிகிற ஒரே பணம் அந்த நம்பிக்கைதான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் எனக்கு மிகக் கனமாகத் தோன்றுவது அக்கம்பக்கத்தாரின் வாதம். ஒருவரைக் காப்பாற்ற நாங்கள் நேரம் எடுத்துக்கொள்ளும்போது, அவர் பக்கத்து வீட்டு மூதாட்டி தூக்கமில்லாமல் பயந்துகொண்டு கிடக்கிறாரே? அவரும் நலிந்தவர்தான். இதைத் தட்டிக்கழிக்க முடியாது, கூடாது. ஆனால் விரைவாக வெளியேற்றுவது அந்த மூதாட்டியையும் காப்பதில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. மில்வாக்கி நகரில் போலீசை அடிக்கடி அழைக்கும் வீடுகளுக்காக உரிமையாளர்மேல் அபராதம் போடும் விதி இருந்தது. மேத்யூ டெஸ்மண்டும் நிக்கோல் வால்டெஸும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி அனுப்பப்பட்ட எச்சரிக்கைகளில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குபவை வீட்டு வன்முறை தொடர்பானவை என்றும், பெரும்பாலான உரிமையாளர்கள் குடித்தனக்காரரை வெளியேற்றியோ வெளியேற்றுவதாக மிரட்டியோ பதில் கொடுத்தார்கள் என்றும் கண்டார்கள். அடிபட்டு உதவி கேட்டவளே தொல்லையாகக் கணக்கிடப்பட்டாள். சத்தம் யார் வீட்டிலிருந்து வந்தது என்பது நிர்வாகத்தின் பதிவில் இருக்கும். யார் யாரை அடித்தார்கள் என்பது அதில் இருக்காது, அதைக் கேட்டறிய வேறொருவர் கதவைத் தட்ட வேண்டும். கேட்டறிந்தபின் சில நேரம் வெளியேற்றமே சரியான முடிவாகவும் இருக்கும். அப்போதும் அவரை நடைபாதைக்கு அனுப்பாமல் வேறொரு வீட்டுக்கு மாற்றுவது, வழக்குக்கு முன்பே ஒப்பந்தத்தை இருதரப்பும் ஒப்பி முடித்துக்கொள்வது என்ற வழிகள் இருக்கின்றன.

பொறுப்புணர்வைக் கெடுக்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டும் இப்போது உரத்துக் கேட்கிறது. சாம் செம்பெரிஸ் 1992இல் நியூயார்க்கில் தொடங்கிய பாத்வேஸ் டு ஹவுசிங் அமைப்பிலிருந்து பரவியது ஹவுசிங் ஃபர்ஸ்ட் கொள்கை: முதலில் வீடு, சிகிச்சை அவரவர் விருப்பம். 2025 ஜூலையில் வந்த அமெரிக்க அதிபர் ஆணை ஒன்று இந்தக் கொள்கைக்கான கூட்டரசு ஆதரவை முடித்துக்கொள்ளும்படி துறைகளைப் பணித்தது. சிகிச்சையைக் கட்டாயமாக்காதது பொறுப்பின்மை என்கிறார்கள். ஆனால் இந்த முறையில் குடித்தனக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார், வாடகை கட்டுகிறார், அண்டை வீட்டாருக்குத் தொல்லை தராமல் இருக்கக் கடமைப்பட்டிருக்கிறார். எந்த வாடகைக்காரருக்கும் உள்ள பொறுப்பு முழுதாக அவருக்கும் உண்டு. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு நடந்த 'அட் ஹோம்' ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், இந்த முறையில் இருந்தவர்களில் 62 விழுக்காட்டினர் முழு நேரமும் வீட்டில் இருந்தார்கள். வழக்கமான சேவை மட்டும் பெற்றவர்களில் அது 31 விழுக்காடு. அங்கே பெரும்பாலான வீடுகள் தனியார் உரிமையாளர்களுடையவை. அவர்களோடு பேசுவதற்கென்றே வீட்டுக் குழு ஒன்றும், குடித்தனக்காரரோடு நிற்பதற்கு ஆதரவுக் குழு ஒன்றும் தனித்தனியாக இயங்கின.

அதே ஆய்வில் இந்த முறையில் இருந்தவர்களிலும் 16 விழுக்காட்டினர் அந்த ஆறு மாதத்தில் ஒருநாளும் நிலையான வீட்டில் இல்லை. முறைக்காக வாதிடும் பலர் இந்த எண்ணை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் அதிகம் யோசிப்பது இதைப் பற்றித்தான். அவர்களில் ஒவ்வொருவரையும் ஒருங்கிணைப்பு காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சிலருக்கு வேறு வகை வீடு, இன்னும் நெருக்கமான துணை தேவைப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் பேன்யன் அமைப்பு 2015 முதல் நடத்தும் 'ஹோம் அகெய்ன்' முறையில், மனநலக் காப்பகங்களில் நெடுங்காலம் இருந்தவர்கள் சிலராகச் சேர்ந்து ஊர்நடுவே வாடகை வீட்டில், துணைக்கு ஓர் ஆளோடு வாழ்கிறார்கள். தனிக் குடியிருப்பு மட்டுமே வழியல்ல என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் யாருக்கு எந்த வகை வீடு பொருந்தவில்லை என்பதைக்கூட முதலில் காட்டிக்கொடுப்பது கணக்கில் விழும் பாக்கியும் சூப்பரின் கண்ணும்தான். அதனால்தான் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு அலுவலகங்களும் வாடகைப் பட்டியலைப் பெயர் பெயராக வாசிக்கும் கூட்டத்தை நான் இந்தத் தொழிலின் மையம் என்கிறேன். பழுதுபார்ப்பவரும் அதில் உட்கார வேண்டும். பத்து டாலர் பாக்கிக்கும் ஒரு நிமிடம் பேச வேண்டும், ஏனென்றால் இதுவரை தவறாதவர் தவறிய பத்து டாலர், வழக்கமாகத் தவறுபவரின் ஐந்நூறைவிடப் பெரிய செய்தி. நிதி தரும் அரசுத் துறைகள் வீட்டுச் சந்திப்புகளை எண்ணிப் பணம் கொடுக்கின்றன, நிரம்பிய வீடுகளை எண்ணிப் பணம் கொடுக்கின்றன. இந்த ஒரு மணி நேரத்தை எண்ணுவதில்லை. ஆட்கள் குறைந்த மாதத்தில் முதலில் ரத்தாவதும் அதுவே. ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் உட்காரும் ஒவ்வொரு அமைப்பும் இந்த ஒரு மணி நேரத்தை இரண்டு தரப்பின் சம்பளப் பட்டியலிலும் தனி வரியாக எழுதக் கேட்க வேண்டும்.