மடங்க மறுத்த முழங்கை

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு மணிக்கும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். குக் அண்ட் கெல்வி கடிகாரத்திலிருந்து தாடிக்காரப் பொம்மை ஒன்று வெளியே வந்து, எத்தனை மணியோ அத்தனை முறை தட்டிவிட்டு உள்ளே போகும். விலைமதிப்பற்ற பொருள்கள் எத்தனையோ இருக்க, மக்கள் காத்திருப்பது கையை அசைக்கும் ஒரு பொம்மைக்காக.

அதே ஊரில் நாற்பதைத் தாண்டிய ஒருவரின் அலமாரியில், 1990களில் ஃபன்ஸ்கூல் விற்ற ஜி.ஐ. ஜோ வீரர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். ஒருவனுக்கு முழங்கை இறுகிவிட்டது. தொடாமல் விட்டால் விலை நிற்கும், உடைந்தால் போச்சு. ஏழு வயது மகளுக்கோ அவன் துப்பாக்கியைத் தூக்கியாக வேண்டும்.

முரட்டுத்தனம் உதவாது. ஆணியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விரிந்துவிடும். முதுகுத் திருகைக் கழற்றினார். கை தனியே வந்தது. உள்ளே இடுப்பைப் பிடித்திருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது, அதையும் மாற்றினார். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், சில நிமிட ஊறல். பிறகு முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டல். தையல் மிஷின் எண்ணெய் சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும் என்பதால் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய்.

மூன்றாவது முறை முழங்கை மடங்கியது. வீரன் அலமாரிக்குத் திரும்பவில்லை. சாயம் உரியும், கட்டைவிரல் ஒடியும், விலை இறங்கும். தெரிந்தேதான் மகளிடம் கொடுத்தார். பொம்மை செய்யப்பட்டது அதற்காகத்தானே!