அத்தை எண்ணும் பஸ்

விடியற்காலை ஐந்தேகாலுக்கு எங்கள் ஊர் வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸில் எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்று கம்பெனிக்காரனைக் கேட்டால் அவன் ரெஜிஸ்டரைப் புரட்ட வேண்டும். அத்தைக்கு அது வேண்டாம். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸின் உள்விளக்கு எரியும் அந்த அரை நிமிஷத்தில் எண்ணிவிடுவாள். "பதினொண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பிறகுதான் முதல் வெற்றிலை.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஊர். பேரைச் சொன்னால் தெரியாது, ஸ்ரீ சிட்டி என்றால் தெரியும். சென்னையிலிருந்து வடக்கே ஐம்பத்தைந்து கிலோமீட்டர். தடாவில் திரும்பினால் கட்டடங்கள் ஆரம்பமாகிவிடும். சென்னை மெட்ரோவில் நான் தினமும் ஏறும் பெட்டியே இங்கே தயாரானதுதான் என்று ஒருநாள் அத்தையிடம் சொன்னேன். "அப்போ அதுவும் நம்ம ஊர்ப் பொண்ணுதான், பட்டணத்துக்கு வாக்கப்பட்டுப் போயிருக்குது" என்றாள்.

அத்தை இருந்த இடத்தை விட்டு நகராமல் மூன்று ஜில்லாக்களில் வாழ்ந்தவள். 1942இல் அவள் பிறந்தபோது இது சென்னை மாகாணத்தின் செங்கல்பட்டு ஜில்லா. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. ம.பொ.சி. திருத்தணிக்காகப் போராட, படாஸ்கர் எல்லையை அளந்து சொல்ல, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னைக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. திருத்தணியைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். மாற்றாகப் போன எங்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. மறு வருஷம் அத்தைக்குக் கல்யாணம், தாய்மாமனோடு, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத்துத் தெருவில். அது சித்தூர் ஜில்லா. 2022 ஏப்ரலில் திருப்பதி ஜில்லா. "பெருமாள் ஜில்லாவிலே சாவப் போறேன், ஒரு பைசா பஸ் சார்ஜு இல்லாம" என்பாள்.

என் மகள் அத்தையை 'கன்சர்வேடிவ்' என்பாள். பெங்களூரில் இருப்பவள், அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது. நானும் தலையாட்டிவிடுவேன். ஆனால் தொலைக்காட்சியில் அந்தப் பேரில் கத்துகிறவர்களைப் பார்க்கும்போது, இவர்களுக்கும் அத்தைக்கும் என்ன உறவு என்று விளங்குவதில்லை. 2024 செப்டம்பரில் திருமலை லட்டு நெய்யில் கலப்படம், விலங்குக் கொழுப்பு என்று பேச்சுக் கிளம்பியது நினைவிருக்கும். ஆந்திரத் துணை முதல்வர் பவன் கல்யாண் பதினோரு நாள் விரதம் இருந்தார், அக்டோபர் 3 அன்று திருப்பதியில் சனாதனத்தைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று வாராஹி பேரில் பிரகடனம் வாசித்தார். மறுநாள் உச்ச நீதிமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. எங்கள் வீட்டில் யாரோ கொண்டுவந்த லட்டு அப்படியே தட்டில் இருந்தது. எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அவள் ஒரு விள்ளலைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள். "தப்பு பண்ணவன் கணக்கு அவனுக்கு. பிரசாதத்தை எதுக்குக் காய வெக்கிறீங்க?" அவ்வளவுதான். இறைச்சி தொடாதவள், ஏகாதசி தவறாதவள்.

லட்டை அவள் விட்டுவிட்டாள். தொட்டில் விஷயத்தை விடவில்லை.

எழுபதுகளில் எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்தது. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்பதை நான் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டியபோது அத்தை என்னைச் சுவரிலிருந்து இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பிறகு 1994இல் பஞ்சாயத்து ராஜ் சட்டம் வந்தது. சட்டம் வந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டுக்கு மேல் பிள்ளை பெற்றால் பஞ்சாயத்தில் நிற்கக் கூடாது. என் சித்தப்பாவுக்கு சர்பஞ்ச் ஆசை. வேட்டியை வெளுத்து, யார் வீட்டுச் சாவானாலும் முதல் ஆளாகப் போய் நின்று, எல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். 1997இல் மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. சந்திரபாபு நாயுடு ஆட்சி மக்கள்தொகைக் கொள்கை என்று தனியாக ஒன்றை அறிவித்த அதே வருஷம். "பேசாம யாருக்காவது தத்துக் கொடுத்ததா எழுதிடலாம்" என்று ஊரில் ஒருவர் வழி சொன்னார். பல ஊர்களில் அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். அத்தை முற்றத்தில் நின்று கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "சர்க்கார் வந்து நம்ம வூட்டுத் தொட்டிலை எண்ணுதா? எண்ணிட்டுப் போவட்டும். கொழந்தையக் காகிதத்துல கூடக் குடுக்கக் கூடாது." சித்தப்பா 2001 தேர்தலில் நிற்கவில்லை. அந்தக் குழந்தையை வளர்த்தது அத்தைதான்.

இருபத்தேழு வருஷம் கழித்து அதே முதலமைச்சர், பிள்ளை பெறுங்கள் என்கிறார். 2024 அக்டோபரில், இரண்டுக்கு மேல் பெற்றவர்தான் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் கொண்டுவரலாமா என யோசிப்பதாகப் பேசினார். நவம்பரில் அந்த இரு பிள்ளைத் தடையைச் சட்டசபை நீக்கியது. அதே அக்டோபரில் இந்தப் பக்கம் மு.க. ஸ்டாலின், இலவசத் திருமண விழா மேடையில், பதினாறும் பெற்று வாழ்வது என்பதைப் பிள்ளைக் கணக்காகவே எடுத்துக்கொள்ள வேண்டிவருமோ என்றார். காரணம் ஒளிவுமறைவானதல்ல. நாடாளுமன்றத் தொகுதிகளின் எண்ணிக்கையை 1976இல் நிறுத்தி வைத்தார்கள், 1971 கணக்கெடுப்போடு. அந்தத் தடை 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்புவரைதான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்கு ஆந்திரத்தில் 1.7 பிள்ளை, தமிழ்நாட்டில் 1.8. சொன்ன பேச்சைக் கேட்ட மாநிலங்களுக்கு நாற்காலி குறையும் என்ற பயம். பயம் நியாயமானதுதான். அதற்கு மருந்தைக் கர்ப்பப்பையில் தேடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

செய்தியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஜெயித்த சந்தோஷம் முகத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். "அப்பவும் எண்ணினாங்க, இப்பவும் எண்ணுறாங்க" என்றாள். "நடுவுல உங்க சித்தப்பன் வயசாகிப் போயிட்டான்."

அந்த மூன்றாவது குழந்தைதான் பதினோரு பேரில் ஒருத்தி. சின்னவள் என்று சொல்வோம். பஸ்ஸில் முன்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தலை சாய்த்ததும் தூங்கிவிடுவாள். கம்பெனியின் பேர் எதற்கு. 2015இல் ஸ்ரீ சிட்டியில் ஃபாக்ஸ்கான் செல்போன் செய்ய ஆரம்பித்தது. அந்த வரிசைகளில் நின்றது பெரும்பாலும் பெண்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்தில் பெண்களைக் கம்பெனிக்கு அனுப்பும் துணிச்சல் வந்தது என்று நினைக்கிறேன். சின்னவள் சேர்ந்தது அதற்குக் கொஞ்சம் பிறகு, வேறொரு இடத்தில். பகல் ஷிப்ட் மட்டும் என்று சொல்லித்தான் அத்தையிடம் அனுமதி வாங்கினாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அத்தையின் சட்டம். இதைச் சொன்னால் என் மகள் சிரிப்பாள். ஆனால் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவும் அதையேதான் சொன்னது: பெண்ணுக்கு வேலை காலை ஆறிலிருந்து மாலை ஏழுவரை. சட்டம் எழுதியவர்களும் எங்கள் அத்தையும் ஒரே கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்கள். 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. 2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை, பெண்கள் சம்மதித்தால் இரவு வேலை செய்யலாம், போக்குவரத்தும் வெளிச்சமும் பாதுகாப்பும் கம்பெனி பொறுப்பு என்றது. கூடவே நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமாக இருந்த வேலையைப் பத்தாக்கியது. இந்தப் பத்தைப் பற்றி யாரும் பெண்ணுரிமை என்று பேசவில்லை.

சின்னவளுக்கு நைட் ஷிப்ட் வந்தது அதற்கெல்லாம் முன்பே. வீட்டில் மூன்று நாள் அடுப்பு சரியாக எரியவில்லை. அத்தை சாப்பிடவில்லை. சித்தப்பா வாய் திறக்கவில்லை. அவருடைய சர்க்கரை மாத்திரையும் வீட்டுக் கடன் தவணையும் அவள் சம்பளத்தில் போய்க்கொண்டிருந்தன. நாலாம் நாள் அத்தை கேட்டாள்.

"பஸ்ஸு எங்க நிக்கும்?"

"மெயின் ரோட்டுல, அத்தே."

"ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கேர்ந்து நடந்து வருவியா நீ?"

அதுதான் கேள்வி. வேலைக்குப் போவதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மறுநாள் கோலைப் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு வரை போய், பஸ்ஸை மறித்து, டிரைவரிடம் தெலுங்கில் பேசினாள். அவளுக்குத் தெலுங்கு கோபத்தில்தான் சரளமாக வரும். ஒரு மாதம் இழுத்தடித்தார்கள். பிறகு பஸ் ஊருக்குள் வந்தது. பஸ் திண்ணைக்கு முன்னால் நிற்பது அப்படித்தான். அன்றிலிருந்துதான் எண்ணிக்கையும்.

நான் படித்ததும் இதே மாதிரி ஒரு கதவின் வழியாகத்தான். 1986இல் பி.ஏ. முடித்த என்னை மேலே அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. அத்தைதான், "திருப்பதியிலே பொண்ணுங்களுக்குன்னே ஒண்ணு தொறந்திருக்காங்களாமே, தாயார் பேருல" என்றாள். பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், என்.டி.ஆர். 1983இல் தொடங்கியது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் இடமாக இருந்திருந்தால் நான் வீட்டிலேயே இருந்திருப்பேன். பிரித்து வைப்பது தவறு என்று எனக்குத் தெரியும். பிரித்து வைத்ததால்தான் நான் வெளியே வந்தேன் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இன்றுவரை எனக்கு வரவில்லை.

அதே என்.டி.ஆர். கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் கொண்டுவந்தார், 1985 செப்டம்பரிலிருந்து. நாட்டிலேயே முன்னோடிகளில் ஒன்று, தமிழ்நாட்டில் 1989இல்தான். அந்தத் தேதியில் நான் கல்யாணமாகாதவள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அத்தை என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், "பாகம் கேட்டா பொறந்த வூடு கெடையாது கண்ணு. அண்ணன் தம்பி உண்டா இல்லையான்னு யோசிச்சிக்கோ" என்றாள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். இருபது வருஷம் தாண்டவில்லை, ஸ்ரீ சிட்டிக்கு நிலம் எடுத்தார்கள். எனக்கு வந்தது ஒரு பட்டுப்புடவை. இன்றும் சனிக்கிழமை நான் வந்தால் அந்த வீட்டில் எனக்குப் பாய் உண்டு, சோறு உண்டு. அத்தை சொன்னது பலித்தது. பாயில் படுத்துக்கொண்டு நான் ஏக்கர் விலையைக் கணக்குப் போடுவதும் உண்டு.

சின்னவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்து ஐந்து வருஷம். நாலு பேர் வந்தார்கள். ஒரு வீட்டில் வேலையை விட வேண்டும் என்றார்கள். இன்னொரு வீட்டில் வேலையை விடக் கூடாது, சம்பளம் மாமியார் கையில் வர வேண்டும் என்றார்கள். "நைட் ஷிப்டா?" என்று ஒரு பெரியம்மா கேட்ட தொனியில் அத்தையே காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெண் காலாகாலத்தில் கழுத்து நீட்ட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவள்.

2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர் செய்தி வந்தபோது நான் ஊரில் இருந்தேன். ஃபாக்ஸ்கானின் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு என்று காரணங்கள். நிறுவனம் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. மறுப்பும் அறிக்கையும் இருக்கட்டும். எங்கள் தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. கல்யாணமானால் பெண் வீட்டுக்கு என்று அத்தை சொன்னால் அது பத்தாம்பசலி. ஆளெடுப்பவன் அதையே நினைத்தால் அது திறன் மேலாண்மை. ஒரு மேடையில் மூணு பெறு, நாலு பெறு என்கிறார்கள். வாசலில் நிற்கும் பஸ்ஸோ கழுத்தைப் பார்த்து ஏற்றுகிறது. பிறகொரு நாள் சின்னவளிடம், "இவங்க ரெண்டு பேரும் எப்பவாவது உக்காந்து பேசிக்கலாம்ல?" என்றேன். அவள் கேட்கவில்லை. இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்துவிட்டு வந்து, தட்டில் சோறு இருக்க, உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

போன தை மாதம் ஒரு திங்கட்கிழமை. ஏரிப் பக்கமிருந்து பனி தெருவுக்குள் வந்திருந்தது. எண்பது தாண்டிய பிறகு அத்தைக்குக் கண் மங்கல், ஆனாலும் திண்ணையை விடவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது, உள்விளக்கு எரிந்தது, பெண்கள் ஏறினார்கள். அத்தை உதடு அசைவதைப் பார்த்தேன்.

"பத்து" என்றாள். பிறகு எழுந்து, கோலை ஊன்றிப் பஸ் அருகே போனாள். சின்னவள் ஜன்னலைத் திறந்தாள்.

"அந்த ரெட்டை ஜடைக்காரி எங்கே?"

"அவளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம் ஆச்சு அத்தே. தடாவுல."

"நல்லது." சற்று நின்றாள். "வேலைக்கு வருவா இல்ல?"

சின்னவள் பதில் சொல்வதற்குள் டிரைவர் கியரைப் போட்டான். அத்தை திரும்பி வந்து உட்கார்ந்தாள். வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தாள், மூடினாள்.

"நீ பாத்தியாடி?" என்றாள் என்னிடம். "பத்துதானா? இன்னொரு தரம் எண்ணியிருக்கலாம்."

பஸ் அதற்குள் வளைவைத் தாண்டியிருந்தது.