ஸ்கேனரும் அப்பாவின் கடன் நோட்டும்

காலேஜ் இரண்டாம் வருஷம். ஜாவா லேசா பிடிபட ஆரம்பிச்சிருந்த நேரம். உலகத்தையே மாத்திடலாம்னு ஒரு மிதப்பு. உலகம் கைக்கு எட்டாததால், முதல்ல அப்பாவோட மளிகைக் கடையை மாத்தலாம்னு முடிவு பண்ணினேன் :-)

கடன் நோட்டுக்குப் பதிலா ஒரு ப்ரோக்ராம். கறுப்புத் திரையில் தொகை கேட்கும், பெயர் கேட்கும், மறுபடியும் தொகை. பூஜ்யம் அடிச்சா முடிஞ்சது. ஒரு வொய்ல் லூப், 2004-இல் ஜாவா 5-ஓடு வந்த ஸ்கேனர். வேறென்ன வேணும்?

முதல் சுற்றிலேயே சொதப்பல். தொகையை வாங்கிட்டு, பெயருக்கு நிக்காமலேயே தாவிடுச்சு. நெக்ஸ்ட்இன்ட் எண்ணை மட்டும்தான் எடுத்துக்கும். நாம தட்டின என்டர் அங்கேயே கிடக்கும். அடுத்து வர்ற நெக்ஸ்ட்லைன் அந்த மிச்சத்தை ஒரு வெற்று வரியா நினைச்சு வாங்கிட்டுப் போயிடும். நடுவுல சும்மா ஒரு நெக்ஸ்ட்லைன் சொருகி ஒப்பேத்தினேன்.

லீவுக்கு ஊருக்குப் போய், கல்லாப்பெட்டி பக்கத்துல லேப்டாப்பை வச்சு அப்பாவை உட்கார வச்சேன். ஒத்தை விரலால தேடித் தேடி அடிச்சார்: 50/-

முப்பது வருஷமா நோட்டுல அப்படித்தானே எழுதுறார்!

அவ்வளவுதான். 'தவறு, மறுபடி கொடுக்கவும்' என்ற வரி அருவி மாதிரி கொட்ட ஆரம்பிச்சது. எண் இல்லைன்னா நெக்ஸ்ட்இன்ட் எக்ஸெப்ஷன் எறியும், ஆனா அந்த 50/- அதே இடத்துல அப்படியே இருக்கும். நான் கேட்ச் பண்ணி மறுபடி படிக்க, மறுபடியும் அதே 50/-. முடிவே கிடையாது.

அப்பா ஷாக் அடிச்ச மாதிரி கையை எடுத்துட்டார். "தம்பி, எதையோ கெடுத்துட்டேன் போலிருக்கே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கடையில ரெண்டு பேர் நிக்கறப்பவே, "நம்பர் மட்டும்தான் அடிக்கணும்னு சொன்னேன்லப்பா!"

சிரிச்சுக்கிட்டே நோட்டை எடுத்துக்கிட்டார். அதுக்கப்புறம் என் லேப்டாப்பை அவர் தொடவே இல்லை.

போன மாசம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையனோட கோடு ரெவ்யூவுக்கு வந்தது. அதே லூப், அதே கேட்ச். கேட்டா, "யூசர் ஒழுங்கா நம்பர் அடிச்சா பிரச்சினையே வராதுண்ணா" என்கிறான். சுருக்குன்னு இருந்தது.

வழி என்னவோ ரொம்ப எளிசு. எல்லாத்தையும் நெக்ஸ்ட்லைனாலேயே வாங்கிடணும். அப்புறம் பார்ஸ்இன்ட்டால எண்ணா மாத்தணும். மாறலைன்னா திரும்பக் கேட்கலாம். தப்பான வரி ஏற்கெனவே போயிடுச்சு, குறுக்கே நிக்காது. ஸ்கேனரை லூப்புக்குள்ள மட்டும் மூடிடாதீங்க. கூடவே சிஸ்டம்.இன்னும் மூடிக்கும், அப்புறம் புது ஸ்கேனர் போட்டாலும் ஒண்ணும் படிக்க முடியாது.

போன வாரம் ஊர்ல அதையே திருப்பி எழுதினேன். இந்தத் தடவை '/-' வந்தா அதை நீக்கிட்டுப் படிக்கிற மாதிரி. ரொம்பக் கெஞ்சினப்புறம் அப்பா அடிச்சார்: 50/-

திரை அமைதியா பெயரைக் கேட்டது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு இருந்தவர் கேட்டார், "அப்ப அன்னிக்குத் தப்பு என் மேல இல்லையா தம்பி?"

"இல்லப்பா. என் மேலதான்."

இதைச் சொல்ல எனக்கு ஒன்பது வருஷம் ஆகியிருக்கு.