ஐந்து சென்ட் நிலமும் ஆடிக்காற்றும்

கடையநல்லூரில் பேருந்து ஏறியபோது மேற்கு மலை சன்னலுக்கு அருகிலேயே நின்றது. புளியங்குடி வரையில் தென்னையும் நெல்லும் எலுமிச்சைத் தோப்புமாக இருமருங்கும் பசுமை. புளியங்குடிச் சந்தையின் எலுமிச்சை மணம் பேருந்துக்குள்ளும் வந்து போயிற்று. அங்கிருந்து கிழக்கே திரும்பியதும் காட்சி மாறத் தொடங்கியது. மலை பின்வாங்கிற்று, தோப்புகள் குறைந்தன, காற்றாலைகள் தோன்றின. சங்கரன்கோவிலில் இறங்கி வேறு பேருந்து மாறி, இராசபாளையம் சாலையில் வடக்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் சென்றால் கரிவலம்வந்தநல்லூர்.

கரி என்றால் யானை. யானை வலம் வந்த நல்லூர் என்று பெயருக்குப் பொருள் கூறுவர். பால்வண்ணநாதர் கோயிலின் கோபுரம் தொலைவிலேயே தெரிகிறது. தென்காசிப் பாண்டியர் காலத்தில் 'திருக்கருவை' என்று அந்தாதிகளில் பாடப்பெற்ற ஊர் இது. ஊரை ஒட்டி நிட்சேப நதி செல்கிறது. மழைக்காலம் தவிர்த்து அதில் மணலைத்தான் காணலாம். 2019ஆம் ஆண்டு நவம்பர் முதல் இவ்வூர் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது.

நான் பழம்பெருமை காணச் செல்லவில்லை. ஆசிரியப் பணி கிடைத்து அவ்வூருக்குக் குடிபோன என் மகளைப் பார்க்கச் சென்றேன். மருமகன் அல்-ஐன் நகரில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்பிய பணத்தில் ஊரின் ஓரத்தில் ஐந்து சென்ட் மனை வாங்கி, ஆயிரம் சதுர அடியில் வீடு கட்டியிருந்தார்கள். சுற்றிலும் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு சதுர அடி வெற்றிடம். சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் தெருவில் வளர்ந்த பெண்ணுக்கு அது பெரும் செல்வமாகத் தோன்றியிருக்கும் என்று எண்ணியே போனேன்.

விடுமுறையில் நட்ட செடிகள்

சென்ற ஆண்டு ஆனி மாதம் அது. வாயிலில் நின்ற மகளின் முகத்தில் வாட்டம்.

"எல்லாம் பட்டுப் போச்சு வாப்பா. திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். சுற்றிலும் சிமெண்டுத் தளம் போட்டுவிடப் போகிறேன். தூசியும் இருக்காது, பூச்சி பொட்டும் வராது" என்றாள்.

கோடை விடுமுறையில் ஓய்வு கிடைத்ததென்று சித்திரையில் பன்னிரண்டு கன்றுகள் வாங்கி நட்டிருக்கிறாள். மா, கொய்யா, எலுமிச்சை, ரோஜா, தக்காளி என்று கண்ணுக்குப் பிடித்தவையெல்லாம். காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றியும் ஆனிக்குள் பத்துக் கன்றுகள் கருகிவிட்டன. ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்புக் கலந்தது. மண்மேல் வெண்மையாகப் பொரிந்து கிடந்தது. ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன். ஓர் அடிக்குக் கீழே செங்கல் துண்டு, காரை, சிமெண்டுக் கட்டி. வீடு கட்டி மிஞ்சியதையெல்லாம் கொட்டி மேலே மண் பரப்பியிருந்தார்கள்.

அவளைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. நானும் ஓர் ஆண்டு சித்திரை வெயிலில் கன்றுகள் வாங்கி நட்டு, ஒன்றுவிடாமல் பறிகொடுத்தவன். ஆனால் அவள் வாட்டம் செடிகளைப் பற்றியது மட்டுமன்று என்பது அன்றிரவு புரிந்தது. பள்ளி முடிந்து வந்தால் பேசுவதற்கு ஆள் இல்லை. ஆறு வயதுப் பேத்திக்கு விளையாட இடம் இருந்தும் நிழல் இல்லை. வெற்றிடம் அவர்களுக்கு வெறுமையாகவே இருந்தது.

அண்ணாச்சி சொன்ன பாடம்

மறுநாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, எதிர்வீட்டு முதியவர் வேலியோரம் நின்றிருந்தார். நெடுங்காலம் புஞ்சை வெள்ளாமை செய்தவர். சிமெண்டுத் தளத்தைப் பற்றிச் சொன்னதும் தலையை அசைத்தார்.

"தளம் போட்டா வெக்கை சுவத்துல ஏறும் பாய். பேய்ற மழை ஒரு சொட்டும் உள்ள இறங்காது. பெறகு போருல தண்ணி எங்கயிருந்து வரும்?" என்றார்.

"ஆடிப் பட்டம் வருகிறதே அண்ணாச்சி, திரும்ப நடலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும். தக்காளி நிக்குமா? இங்க புரட்டாசி வரட்டும்."

அச்சொல்லில் இந்நிலத்தின் இயல்பு முழுவதும் அடங்கியிருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வருகிறது. குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலைச் சொரிந்துவிட்டு, ஈரம் வற்றிய வெறுங்காற்றாகச் சங்கரன்கோவில் பக்கம் வீசுகிறது. காற்றாலைகளுக்கு அது ஊதியம், இளங்கன்றுகளுக்கோ கேடு. இலையின் ஈரத்தை உறிஞ்சும், தண்டை ஒடிக்கும். இப்பகுதிக்கு உரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான். 1901ஆம் ஆண்டு முதல் மானாவாரிப் பயிர்களை ஆய்ந்துவரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும், கரிசல் நிலத்தில் பருத்தி, சோளம் போன்றவற்றைப் புரட்டாசியில், மழைக்கு முந்தியே விதைக்கச் சொல்கிறது. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது பொய்யன்று. அது ஆடியில் ஈரம் உள்ள நிலத்திற்குச் சொன்னது.

கொத்தனாரை நிறுத்தவில்லை. வேலையை மட்டும் குறைத்தோம். வாயிலிலிருந்து பின்கட்டு வரை நான்கடி அகலப் பாதை. ஒளுச் செய்யும் இடத்தில் ஒரு சிறு திண்ணை. மற்ற இடம் மண்ணாகவே இருக்கட்டும் என்று மகளும் ஒப்புக்கொண்டாள், அரை மனத்தோடு.

மண்ணுக்கு மூன்று மாதம்

அண்ணாச்சி விதித்த முதல் நிபந்தனை, புரட்டாசி வரை ஒரு செடியும் நடக்கூடாது என்பது. அந்த மூன்று மாதமும் மண்ணுக்குரியது.

காரையும் சிமெண்டும் சேர்ந்த மண் சுண்ணாம்புத் தன்மை மிகுந்து போகும். அதில் வேர் இரும்புச் சத்தை எடுக்க இயலாமல் இளம் இலைகள் வெளுக்கும். ஆகவே நிலம் முழுவதையும் திருத்த முயலாமல், நடும் இடங்களை மட்டும் தோண்டி இடிபாட்டை அகற்றினோம். முருங்கைக்கும் பப்பாளிக்கும் ஒன்றரையடிக் குழி. எலுமிச்சைக்கு இரண்டரையடிக் குழி. காய்கறிக்கு மூன்றடி அகலத்தில் இரண்டு பாத்திகள். பாத்தி மூன்றடியைத் தாண்டினால் நடுவிலுள்ள களையை எடுக்க மண்ணை மிதிக்க நேரும்.

குளங்கள் வற்றிக் கிடக்கும் காலமாதலால், முறைப்படி அனுமதி பெற்று எடுத்த வண்டல் மண் ஒரு டிராக்டர் கிடைத்தது. ஒரு பங்கு வண்டல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய எரு என்று கலந்து நிரப்பினோம். ஆட்டுப்புழுக்கை நல்ல உரம், ஆனால் மக்காமல் போட்டால் வேரைச் சுடும். பெருநாள் குர்பானிக்கு ஆடு வளர்க்கும் வீட்டார் இதை நினைவிற் கொள்க.

சமையலறைக் கழிவை மூலையில் ஒரு குழியில் இட்டு, ஒவ்வொரு முறையும் காய்ந்த சருகால் மூடிவந்தாள் மகள். மூடினால் ஈயும் நாற்றமும் இல்லை. பாம்பு வரும் என்ற அச்சத்திற்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாம்பு ஒதுங்குவது கல் குவியலிலும் விறகு அடுக்கிலும். எலி உள்ள இடத்திலும். அவற்றை நீக்கிவிட்டால் பாதி அச்சம் தீரும்.

தண்ணீருக்கு ஒரு கணக்கு

இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு ஒரு 'முத்து'. அவ்வளவு நீரிலேயே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒளுச் செய்தார்கள் என்று ஹதீஸ் கூறுகிறது. நாமோ குழாயைத் திறந்துவிட்டு ஐந்து வேளையும் எவ்வளவோ நீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். சோப்புக் கலவாத அந்நீர் செடிகளுக்கு மிகவும் ஏற்றது. திண்ணையிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டிப் பாத்தியில் விட்டோம். அரிசி கழுவிய நீரும் அங்கேயே. சோப்பு நீரை மட்டும் பிரித்துக் கல்வாழை நட்ட குழிக்கு அனுப்பினோம்.

அடுத்து, வண்ணம் பூசாத மண்பானைகள். பாத்திக்கு இரண்டாகக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, கொசு புகாமல் மூடிவைக்க வேண்டும். மண் காயக் காயப் பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து வேரைச் சேரும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். பாத்தியின் மேல் காய்ந்த சருகும் தென்னை மட்டையும் பரப்பினால் வெயில் நேரே மண்ணைத் தொடாது.

மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ தொள்ளாயிரம் லிட்டர் நீர் சேரும். அதைக் குழிவழியே மண்ணுக்குள் இறக்கினால், மேலே படிந்த உப்பும் கரைந்து கீழே போகும்.

அல்-ஐன் கற்பித்தது

தொலைபேசியில் மருமகன் ஒரு செய்தி சொன்னார். 2011ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்ட அல்-ஐன் பாலைவனச் சோலைக்கு விடுமுறை நாளில் சென்றுவந்தாராம். அங்கே மேலே பேரீச்ச மரங்கள். அவற்றின் நிழலில் பழமரங்கள். அவற்றிற்கும் கீழே தரையோடு கீரையும் தீவனமும். 'ஃபலஜ்' எனும் வாய்க்கால் நீரை முறைவைத்துப் பங்கிடுகிறார்கள். ஒரே நீர் மூன்று அடுக்குக்கும் பயன்படுகிறது. நம்மினும் கொடிய வெயிலில் அம்மக்கள் கண்ட வழி அது.

அம்முறையையே சிறிதாக்கினோம். மேலடுக்கில் செடிமுருங்கையும் பப்பாளியும். நடுவில் கறிவேப்பிலையும் மாதுளையும். கீழே அரைக்கீரையும் புதினாவும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 முருங்கை விதையிலிருந்தே ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்துத் தாழ்வாக வளரும், காற்றுக்கும் தாங்கும். கம்பளிப்பூச்சி வருமாதலால் சன்னலருகே வேண்டா.

மேற்கு எல்லையில் காற்றுக்கு வேலியாக அகத்தி, அதன் அடியில் மருதோன்றியும் களாவும். மூன்றும் வறட்சிக்கு அஞ்சாதவை. இவ்வூர்க் கோயிலின் தலமரமே களாதான் என்று அண்ணாச்சி சொன்னார். இம்மண்ணில் எது நிலைக்கும் என்பதை ஊர் முன்பே அறிந்து வைத்திருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

தை மாதத்தில்

மீண்டும் தையில் சென்றேன். வாயிலருகே அவரைப் பந்தல். அதன் நிழலில் பாய் விரித்துப் பேத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒளு நீரைக் குவளையில் பிடித்துப் புதினாவுக்கு ஊற்றுவது அவள் பொறுப்பாம். கீரை இருபத்தைந்து நாளில் வந்துவிட்டது. வெண்டையும் சீனியவரையும் வீட்டுக்குப் போதும் அளவு கிடைத்தன. குளிர் தொடங்கியபின் விதைத்த கொத்தமல்லி செழித்திருந்தது. முருங்கை பங்குனியை எதிர்நோக்கி நின்றது.

எல்லாம் வெற்றி என்று எழுதினால் உண்மையாகாது. எலுமிச்சை இம்முறையும் பட்டுவிட்டது. கட்டட வேலையின்போது கலவை குழைத்த இடத்தில் அக்குழி அமைந்துவிட்டதை நாங்கள் கவனிக்கவில்லை. தக்காளியில் மாவுப்பூச்சி கண்டு, வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் நீரில் கலந்து தெளித்துப் பாதியைக் காப்பாற்றினாள்.

மாலையில் மகள் ஒரு தட்டில் அவரைக்காயை எடுத்து வைத்து, "வாப்பா, இதை அண்ணாச்சி வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்பினாள். அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். தட்டில் அவர்கள் வீட்டுச் சுண்டைக்காய் இருந்தது. அத்தெருவில் யார் யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதெல்லாம் இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. எதற்காக நான் கவலைப்பட்டேனோ அதற்கு விடை அந்தத் தட்டில் இருந்தது.

வாசக நேயர்களே! புதுமனை புகுவோர் வீட்டைச் சுற்றிச் சிமெண்டு பூசுமுன் ஒரு புரட்டாசி வரை பொறுங்கள். இரண்டு பாத்தி, ஒரு முருங்கை, ஒரு மருதோன்றி என்று சிறிதாகத் தொடங்குங்கள். எதிர்வீட்டுப் பெரியவரிடம் யோசனை கேளுங்கள். பறவை கொத்தினாலும் அண்டை வீட்டார் பறித்தாலும் நட்டவருக்கு அது தருமம் என்று நம் மார்க்கம் கற்பிக்கிறது. அடுத்த பெருநாளில் பேத்தியின் கைக்கு அந்த வேலி மருதோன்றியை அரைப்பதாக மகள் சொல்லியிருக்கிறாள். இன்ஷா அல்லாஹ், அதைக் காண மறுபடியும் பேருந்து ஏறுவேன்.