பூஞ்சைக்குப் பூஞ்சை ஜோடி

ஸோட்டேர்ன் என்கிற பிரெஞ்சு இனிப்பு ஒயினைச் சாப்பாடு முடிந்ததும் கேக்கோடு குடிப்பவர்கள் நிறைய. பாவம் அந்த ஒயின்! கேக் அதைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் வெறும் புளிப்பாகத்தான் தெரியும்.

அதற்கேற்ற ஜோடி ரோக்ஃபோர் சீஸ். செம்மறியாட்டுப் பாலில் செய்து, குகையில் வைத்துப் பக்குவப்படுத்துவது. உள்ளே நீலப் பூஞ்சை, நாக்கைக் கடிக்கும் உப்பு. அந்த உப்பு ஒயினைத் திகட்டவிடாது. ஒயினின் புளிப்பு சீஸின் கொழுப்பை வழித்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், ஒயினும் பூஞ்சையின் தயவுதான். சிரோன் ஆற்றங்கரைப் பனிமூட்டத்தில் போட்ரைட்டிஸ் பூஞ்சை திராட்சையைப் பிடித்து, தண்ணீரை வற்றவைத்து இனிப்பைக் கூட்டுகிறது. அதற்குள் மழை கொட்டினால் போச்சு! 2012 விளைச்சலில் ஷாத்தோ டிகெம் தன் பெயரில் ஒரு பாட்டில்கூட இனிப்பு ஒயின் வெளியிடவில்லை. இவ்வளவு பாடுபட்டு வருவதைக் கேக்கோடு வீணாக்குவானேன்? ரோக்ஃபோர் கிடைக்காவிட்டால் உப்பு போட்டு வறுத்த பாதாமே போதும்.